மேலே ஆள் இருக்கும்போது

"இவ கையில பியூஸ் குடுக்க ஏலாது. தோட்டத்துப் புள்ள. பெரிய ஆள் ஒருத்தன் வந்து சத்தம் போட்டா குடுத்துரும்."

நான் வயரிங் வேலைக்குப் போன முதல் வாரத்தில் குணபால பாஸ் சொன்னது இது. என்னிடம் சொல்லவில்லை. எனக்குக் கேட்கும்படி சந்திரண்ணனிடம் சொன்னார். பிறகு என் சுடிதாரைப் பார்த்து, "அது சரி, பொம்பளைக்குப் பையே இல்லையே. பியூஸ எங்க வைக்கப் போற?" என்று கேட்டார். வேனில் இருந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். அன்று மாலையே ஹட்டனில் தையல்காரரிடம் போய், ஆழமான பைகள் வைத்து ஒரு காற்சட்டை தைக்கக் கொடுத்தேன். எனக்குக் கோபம் வந்தால் இப்படித்தான் ஏதாவது செய்வேன்.

வேலை அனுபவம் எழுது என்று ஓய்வு பெற்றவர்களிடம்தான் கேட்பார்கள். எனக்கு இன்னும் முப்பது வயது ஆகவில்லை. ஆனால் போன மாதம் எங்கள் பயிற்சி நிலையத்துக்குப் போயிருந்தபோது மின்சார வகுப்பில் பாதிப் பேர் பெண்களாக இருந்தார்கள். நான் படித்த காலத்தில் நான் ஒருத்திதான். அந்தப் பிள்ளைகள் என்னைச் சுற்றி நின்று, "அக்கா, வேலை எப்படித் தேடுனீங்க? எங்கள எடுப்பாங்களா? வேலைக்குப் போனா என்ன கேக்கணும்?" என்று விடாமல் கேட்டார்கள். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதால் பாதியில் கிளம்ப வேண்டியதாயிற்று. மீதியை இங்கே எழுதுகிறேன்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்த முதல் ஆள் நான். உயர்தரம் பாஸ் பண்ணியதும் எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில், அந்த வரிசை வீடுகளில், எல்லாரும் என்னை டீச்சர் ஆக்கிவிட்டார்கள். டீச்சர் வேலை கிடைக்கவில்லை. மிச்சம் இருந்தது கொழும்பில் துணிக்கடை, இல்லாவிட்டால் கார்மெண்ட்ஸ். வீட்டில் பியூஸ் போனால் சின்ன வயதிலிருந்து நான்தான் கட்டுவேன். அதனால் வயரிங் படிக்கப் போனேன். படித்து முடித்ததும், ஹட்டனில் வயர் விற்கும் ஹார்ட்வெயார் கடை வாசலில் போய் நின்றேன். வேலை இருக்கிற ஆட்கள் வயர் வாங்க அங்கேதான் வந்தாக வேண்டும். யாரிடம் வேலை நடக்கிறது, யார் ஆட்களை ஏமாற்றுகிறவர் என்று கடைக்காரருக்குத் தெரியும். வேலை தேடும் பிள்ளைகளுக்கு நான் முதலில் சொல்வது இதுதான். நீங்கள் செய்யப் போகும் வேலைக்கான சாமான் எந்தக் கடையில் விற்கிறதோ, அங்கே போய்க் கேளுங்கள். அப்படித்தான் வயரிங் வேலைகளைக் கொந்தராத்து எடுத்துச் செய்யும் ஒரு முதலாளி எனக்குக் கிடைத்தார். அவருடைய தலைமை வயர்மேன்தான் குணபால பாஸ், தமிழ் நன்றாகப் பேசும் சிங்களவர்.

பாஸ் எதையும் சொல்லித் தர மாட்டார். செய்வார், நாம் பார்த்துக்கொள்ள வேண்டும். தப்பாகச் செய்தால் திட்டவும் மாட்டார். கையிலிருப்பதை வாங்கித் தானே செய்துவிடுவார். அதற்குத் திட்டு வாங்குவதே மேல். ஆனால் ஒரு விஷயத்தில் மட்டும் அவர் அவசரப்பட்டு நான் பார்த்ததே இல்லை. ஒரு லைனில் கை வைக்கும் முன் மெயினை இறக்குவார். அந்த லைனுக்குரிய பியூஸ்களைக் கழற்றுவார். பழைய கட்டடங்களில் அவை வெள்ளைப் பீங்கானில் கனமாக இருக்கும். கழற்றினால் அந்த லைனில் கரண்ட் இல்லை. திரும்பச் செருகினால், கம்பியைப் பிடித்திருப்பவன் உடம்பில் கரண்ட். கழற்றிய பியூஸ்களை பியூஸ் போர்டுக்குக் கீழே வைக்க விடமாட்டார். போர்டுக்கு ஒரு ஆளை நிறுத்தி அந்த ஆளின் பையில் போடச் சொல்வார். பிறகு மேலே போய், டெஸ்டரை ஒவ்வொரு கம்பியிலும் வைத்துப் பார்ப்பார். கடைசியாகப் புறங்கையால் ஒரு தட்டுத் தட்டுவார். உள்ளங்கையால் தொட்டால், கரண்ட் இருந்தால் கை தானாக மூடிக் கம்பியைப் பிடித்துக்கொள்ளும். புறங்கை என்றால் உதறித் தள்ளும்.

பியூஸைத் திருப்பிக் கொடுப்பதற்கு ஒரே ஒரு விதி இருந்தது. மேலே போனவர் கீழே இறங்கி வந்து கையை நீட்ட வேண்டும். அந்தக் கையில் மட்டும்தான் கொடுக்க வேண்டும். மேலிருந்து கத்தினாலும் கொடுக்கக் கூடாது. போன் பண்ணினாலும் கொடுக்கக் கூடாது.

அவர் நீட்டும் இடது கையில் இரண்டு விரல்கள் மடங்கியே இருந்தன. ஏன் என்று சந்திரண்ணன்தான் சொன்னார். அவர் எங்கள் தோட்டத்திலேயே பக்கத்து டிவிசன்காரர், என்னை விடப் பத்து வயது மூத்தவர். "முந்தி ஒரு பெக்டரியில போர்டுகிட்ட நம்மாளு ஒருத்தரு நின்னாரு, புள்ள. நல்ல மனுசன். பெக்டரிய நடத்துற டீமேக்கர் ஐயா பேரச் சொல்லி கூப்புட்டாரு. 'வந்தேங்கையா'ன்னு ஓடிப்போய் பியூஸக் குடுத்துட்டாரு. பாஸ் கம்பியில இருந்தாரு. அவ்வளவுதான்."

அந்தக் கதையைக் கேட்டதும் எனக்கு வெட்கமாக இருந்தது. ஏனென்றால் அது எப்படி நடந்திருக்கும் என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

தோட்டத்தில் பிறக்காதவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டும். காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டில் பெயர் கூப்பிடுவார்கள். பெயருக்குப் பதில் கொடுத்தாயிற்று என்றால் அன்றைய வேலையை ஒப்புக்கொண்டாயிற்று. எந்த மலை, என்ன வேலை என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான் தெரியும். அப்பன், பாட்டன் காலத்திலிருந்து அப்படித்தான். அதனால் பெயரைக் கேட்டால் எங்கள் ஆட்களின் கால் முதலில் நகரும். யோசனை அதற்குப் பிறகுதான் வரும். எங்கள் முதலாளியின் வேன் ஹட்டனில் வந்து நின்றால், சிங்கள ஆட்கள் கடைப் படியில் உட்கார்ந்துகொண்டு இன்று எங்கே, என்ன வேலை, எவ்வளவு உயரம் என்று கேட்பார்கள். எங்கள் ஆட்கள் யாரும் சொல்லாமலே வரிசையாக நிற்பார்கள். நானும் நின்றிருக்கிறேன். உயர்தரம் பாஸ் பண்ணியவள், சட்டம் தெரிந்தவள் என்று எனக்குப் பெருமை அதிகம். ஆனாலும் வேன் வந்ததும் கால் போய் வரிசையில் நின்றுவிடும்.

நான் சொல்ல வந்த ஞாயிற்றுக்கிழமை வேலை, றொசல்லைப் பக்கம் ஒரு தனியார் தேயிலைத் தொழிற்சாலையில். கொழுந்து வாட்டும் மாடியில் பெரிய மின்விசிறிகளுக்குப் போகும் லைன் பழசாகிவிட்டது, மாற்ற வேண்டும். ஞாயிற்றுக்கிழமை கொழுந்து வராது என்று சொல்லியிருந்தார்கள். காலையில் அந்த லைனின் மூன்று பியூஸையும் கழற்றி பாஸ் என் கையில் வைத்தார். அதற்குள் அவர் என்னைப் போர்டுக்கு நிறுத்தத் தொடங்கியிருந்தார். நம்பி அல்ல, வேறு ஆள் இல்லாததால். பிறகு அவரும் சந்திரண்ணனும் ஏணி வழியே மாடிக்கும் மேலே, கூரைத் தகரத்துக்கும் பலகைத் தட்டுக்கும் இடையில் ஊர்ந்து போனார்கள்.

கொஞ்ச நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. அந்தப் பக்கத்து மழை தகரத்தில் விழுந்தால் பக்கத்தில் நிற்பவர் பேசுவது கேட்காது. அந்த மழையில் ஒரு லொறி வந்து நின்றது. பிறகு இன்னொன்று. வேறொரு தொழிற்சாலையில் மெஷின் உடைந்து, அவர்களுடைய கொழுந்தை எல்லாம் இங்கே திருப்பிவிட்டிருந்தார்கள். பெண்கள் சாக்கு சாக்காகக் கொழுந்தை மாடித் தொட்டிகளில் கொட்டத் தொடங்கினார்கள். நனைந்த கொழுந்து. காற்று ஓடாவிட்டால் குவியலுக்குள் சூடேறும். சூடேறினால் சிவந்துவிடும், பிறகு குப்பைதான். இது எனக்கு யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. என் அம்மாவின் கையே கொழுந்துக் கறை.

அப்போதுதான் கண்டாக்கையா வந்தார். எங்கள் தோட்டத்தில் பெரிய கண்டாக்காக, வேலையாட்களுக்கு மேல் அதிகாரியாக இருந்தவர். நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது பெரட்டில் பெயர் கூப்பிட்டவர். ஓய்வு பெற்ற பிறகு இந்தத் தொழிற்சாலையைப் பார்த்துக்கொள்ள வந்திருக்கிறார் என்பது அன்றுதான் தெரிந்தது.

"யாரு போர்டுல?"

"நான்தாங்கய்யா."

"ஃபேன போடு. கொழுந்து சூடேறுது."

"மேல ஆள் இருக்காங்கய்யா. வயர்ல."

"அவனுக ரெண்டு பேரும் எறங்கிட்டானுக. டீக்கடையில நின்னானுக, நான் பாத்தேன். போடு."

அவர் பொய் சொன்னதாக நான் நினைக்கவில்லை. மழைக்கோட்டோடு யாரோ இரண்டு பேரை அவர் பார்த்திருக்கலாம். அதுதான் பயமாக இருந்தது. அவர் உண்மையாகவே நம்பினார். ஒரு நொடி நானும் நம்பிவிட்டேன். ஒருவேளை பின்பக்கமாக இறங்கியிருப்பார்களோ?

"எங்கிட்ட வந்து கைய நீட்டலங்கய்யா. வந்து நீட்டுனாத்தான் குடுக்கலாம்."

"என்னது?"

"பியூஸ் எங்கிட்ட இருக்குங்க. அவங்க வந்து கேக்கணும்."

அவர் என்னைக் கூர்ந்து பார்த்தார். என் முகத்தில் எங்கள் லயம் தெரிந்திருக்க வேண்டும்.

"நீ செல்லம்மா மகதானே?"

"ஆமாங்கய்யா."

அவர் சத்தம் போடவில்லை. பெரட்டுக் குரலுக்குப் போனார். அந்தக் குரலில் கோபமே இருக்காது, பெயர் மட்டும்தான் இருக்கும். "செல்லம்மா மக. இங்க வா. கொண்டா."

என் கால் நகர்ந்தது. மறைக்க ஒன்றும் இல்லை, நகர்ந்தது. போர்டை விட்டு அவரைப் பார்த்து ஒரு எட்டு வைத்துவிட்டேன். பையில் இருந்த பீங்கான் தொடையில் இடித்தது. அது இடித்திராவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று எனக்குத் தெரியாது. நான் நின்றேன். பின்பக்கமாகவே நடந்து, முதுகு போர்டில் படும் வரை போய், நின்றுகொண்டேன்.

"குடுக்க ஏலாதுங்கய்யா."

இதைச் சொல்லிவிட்டால் முடிந்தது என்றுதான் நினைத்தேன். பியூஸ் என் பையில், இனி யாராலும் என்ன செய்ய முடியும்? ஆனால் கண்டாக்கையா தோட்டத்திலேயே வயது போனவர். அவர் திரும்பி, "முத்து" என்று கூப்பிட்டார். இயந்திரங்களுக்கு எண்ணெய் போடும் பெரியவர், முத்து மாமா, துணியில் கையைத் துடைத்தபடி வந்தார். "ஒரு கம்பி எடுத்து அந்த மூனு ஓட்டையிலயும் பாலம் போடு. இவ வெலகமாட்டா. நீ வெலக்கு."

பியூஸ் இல்லாமலே கம்பி வைத்துக் கரண்ட் கொடுக்கலாம். எல்லாத் தோட்டத்திலும் இதைச் செய்திருக்கிறார்கள். முத்து மாமா ஒரு வார்த்தை கேட்கவில்லை. பெஞ்சிலிருந்து செம்புக் கம்பியையும் குறட்டையும் எடுத்துக்கொண்டு என்னை நோக்கி வந்தார். பெயர் கூப்பிட்டாகிவிட்டது, அவர் கால் நகர்ந்துவிட்டது. அவரைப் பார்த்தபோது சற்று முன் என் கால் நகர்ந்ததைப் பார்ப்பது போல இருந்தது.

"தள்ளும்மா."

"மாமா, மேல யாரு இருக்காங்கன்னு தெரியுமா?"

"எனக்கு என்னம்மா தெரியும்? ஐயா சொல்றாரு."

"சந்திரண்ணே இருக்காரு மாமா. எங்க பாஸ் இருக்காரு. ரெண்டு பேரும் கம்பியில."

"எறங்கிட்டாங்கன்னு ஐயா சொல்றாருல்ல."

"ஐயா பாத்தாரு. நீங்க பாத்தீங்களா?"

அவர் மாடிப் பக்கம் திரும்பிப் பார்த்தார். பேச்சை நிறுத்தினால் அவர் என்னை விலக்கிவிடுவார் என்று தெரிந்தது. அதனால் பேசிக்கொண்டே இருந்தேன். "மாமா, மேல ஆள் இருக்கானான்னு பாக்காம லைன் போடச் சொல்ல ஒருத்தருக்கும் உரிமை இல்ல. முடியாதுன்னு சொல்றதுக்கு உங்களுக்கு உரிமை இருக்கு. ஏதாச்சும் ஆச்சுன்னா 'முத்து போட்டான்'னுதான் சொல்லுவாங்க. ஐயா போட்டாருன்னு யாரும் சொல்ல மாட்டாங்க."

கண்டாக்கையா, "படிச்ச திமிர பாரு" என்றார்.

கொழுந்து கொட்டிக்கொண்டிருந்த பெண்கள் மாடிப்படியில் வந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒரு அக்கா, "ஏய், நின்னு வேடிக்க பாத்தா கொழுந்து சும்மா இருக்குமாடி? கையால பொரட்டி விடுங்க" என்று மற்றவர்களை விரட்டிக்கொண்டு திரும்பிப் போனார். நான் அவரிடம் ஒன்றும் கேட்கவில்லை. விசிறி இல்லாவிட்டால் குவியலைக் கலைத்துக் காற்றுப் பட வைக்க வேண்டும், அவ்வளவுதான். அது அவர்களுக்குத் தெரியும்.

முத்து மாமா குறட்டைத் தரையில் வைத்தார். கம்பியைச் சுருட்டித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "பாத்துட்டு வந்துர்றேங்கய்யா" என்று சொல்லிவிட்டு, பதிலுக்கு நிற்காமல் படியேறினார். அவர் போய் வரும் வரை கண்டாக்கையாவும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றோம். மழை குறையவில்லை. என் கை பைக்குள்தான் இருந்தது. விரல்கள் மரத்துப்போயின.

முத்து மாமா ஓடி இறங்கி வந்தார். "ரெண்டு பேரும் கம்பியக் கையில புடிச்சிருக்காங்கய்யா. தோல சீவி, வெறுங் கம்பி."

கண்டாக்கையா குடையை எடுத்துக்கொண்டு லொறிப் பக்கம் போனார்.

பாஸ் வேலையை முடித்துத்தான் இறங்கினார். முத்து மாமா மேலே எல்லாவற்றையும் சொல்லியிருப்பார். ஆனால் பாஸ் கேட்கவில்லை. மடங்கிய விரல்களோடு கையை நீட்டினார். மூன்றையும் வைத்தேன். வாங்கிச் செருகினார், மெயினைத் தூக்கினார். மேலே விசிறிகள் ஓடும் சத்தம் கேட்டது. "ஹரி, நங்கி" என்றார். சிங்களத்தில் சரி, தங்கச்சி என்று அர்த்தம். அவ்வளவுதான் அவர் சொன்னது. கொழுந்து கொஞ்சம் சிவந்துதான் போயிருந்தது.

வேனில் சந்திரண்ணன்தான் பேசினார். "மேல இருந்தப்போ போர்டுல யாரு நிக்கிறான்னு நான் யோசிக்கவே இல்ல, புள்ள." பாராட்டு அவ்வளவுதான். எனக்கு அது போதுமாக இருந்தது.

மறுநாள் காலையில் வேன் வந்தபோது முதலாளி என் பெயரைக் கூப்பிடவில்லை. தொழிற்சாலைக்காரர் கோபித்துக்கொண்டாராம். வேன் போன பிறகும் நான் அங்கேயே நின்றேன். மழைக்கு ஒதுங்க வந்தவள் போல.

வீட்டில் அம்மாவிடம் சொன்னேன். அம்மா முதலில் கேட்டது, "கொழுந்து வீணாப் போச்சா?" பிறகு, "கண்டாக்கையாவயா எதுத்துப் பேசுன?" அடுப்பில் இருந்த ரொட்டி கருகத் தொடங்கியது, அம்மா கவனிக்கவில்லை. "எப்படிக் கூப்புட்டாரு?" என்று கேட்டார். சொன்னேன். ரொட்டியைப் புரட்டிப் போட்டுவிட்டுச் சொன்னார்: "என் பேரச் சொல்லித்தானே கூப்புட்டாரு. அப்ப நானுந்தான் போகாம நின்னுருக்கேன்."

அடுத்த நாள் முறைப்பாடு கொடுக்க அரசாங்கத்தின் தொழில் அலுவலகத்துக்குப் போனேன். பிள்ளைகளே, இதைக் கவனியுங்கள். விசாரணைக்கு வந்த முதலாளி, "அவள் எங்கள் ஆள் இல்லை, கூப்பிட்டால் வருவாள், கூப்பிடாவிட்டால் வர மாட்டாள்" என்றார். நாள் கூலிக்குப் போனாலும் நீங்கள் ஊழியர்தான். ஓய்வுக்காலத்துக்கு என்று சேரும் சேமலாப நிதி முதல் நாளிலிருந்தே உண்டு. வேலையில் காயம் பட்டால் நட்டஈடு உண்டு. ஆபத்தில்லாமல் வேலை செய்ய வைப்பது அவர்கள் கடமை. ஆனால் நான் அங்கே வேலை செய்தேன் என்று சொல்ல எனக்கு ஆள் வேண்டியிருந்தது. நியமனக் கடிதம் நான் கேட்டதே இல்லை. வேலைக்குச் சேரும்போதே கேளுங்கள். சந்திரண்ணன் வரவில்லை. அவருக்குப் பிள்ளைகள் இருக்கிறார்கள், நான் குறை சொல்ல மாட்டேன். வந்தது பாஸ். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் வந்து, நாற்காலி நுனியில் உட்கார்ந்து, அதிகாரியிடம் சிங்களத்தில், "இவள் என் ஆள். போர்டில் நிற்பவள்" என்றார். கேட்ட மற்றக் கேள்விகளுக்கெல்லாம் அதையே திரும்பச் சொன்னார்.

வேலையில் திரும்பச் சேர்க்கச் சொல்லி முடிவானது. சேர்ந்தேன். தலை நிமிர்ந்து ஒரு வருடம் வேலை செய்தேன், வேன் வந்தால் படியில் உட்கார்ந்துதான் என்ன வேலை என்று கேட்டேன். சந்திரண்ணனும் இப்போது உட்கார்ந்துதான் கேட்கிறார். பிறகு நானாக விலகினேன்.

இந்தத் திங்கட்கிழமை பொகவந்தலாவையில் ஒரு கோயில் மண்டபத்துக்கு வயரிங். என் சொந்தப் பெயரில் எடுத்த முதல் வேலை. கூட வந்தவள் ஸ்டெல்லா, போன வருடம் பயிற்சி முடித்தவள். காற்சட்டைப் பைக்குப் பொத்தான் வைத்துத் தைத்துக்கொண்டு வந்திருந்தாள். மண்டபத்திலும் பழைய பீங்கான் பியூஸ்கள்தான். கழற்றி அவள் கையில் வைத்தேன்.

"கோயில் தலைவர் வந்து கேட்டா?"

"குடுக்காத."

"பூசாரி ஐயா?"

"சாமியே வந்தாலும் குடுக்காத."

அவள் சிரித்துவிட்டு, "நீங்க மேல இருந்து கேட்டீங்கன்னா?" என்றாள்.

"நான் கத்துனாலும் குடுக்காத. எறங்கி வந்து கைய நீட்டுவேன்."

அவள் மூன்றையும் பையில் போட்டுப் பொத்தானை மாட்டி, போர்டில் முதுகு வைத்து நின்றாள். நான் ஏணியில் ஏறினேன். டெஸ்டரை வைத்துப் பார்த்தேன், புறங்கையால் ஒரு தட்டுத் தட்டினேன், பிறகு கம்பியை இரண்டு கையாலும் பிடித்தேன். கீழே போர்டில் நிற்பது யார் என்று யோசிக்கவே இல்லை.